டெண்டருக்கு 15 நாள்தான். மீதி மாதங்கள் எங்கே போகின்றன?

2021 மே மாதக் கடைசியில் தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையைத் தாண்டியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் பெருந்துறையிலும் ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் காத்துக் கிடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பணம் ஒதுக்கியும் கருவி ஏன் வரவில்லை என்ற கேள்வியை அப்போதிருந்து பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனைக் கொள்முதலை நன்கு அறிந்த ஒருவர் கீழே பதில் சொல்கிறார்.

பெருந்துறை, மருத்துவ மாணவர்: நோயாளி மூச்சுக்குத் தவிக்கறப்ப டெண்டர் எதுக்குங்க ஐயா? நேரா வாங்கிற முடியாதுங்களா?

வாங்கலாம் தம்பி. சட்டமே வழி வைத்திருக்கிறது. நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறையில் உள்ளன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். அவசரம் என்றால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே இருப்பவர் காரணத்தை எழுதி வைத்து நாளைக் குறைக்கலாம். அரசு நெருக்கடி நிலையை அறிவித்துவிட்டால் 16ஆம் பிரிவின்படி டெண்டரே இல்லாமலும் வாங்கலாம். ஆனால் அந்த அறிவிப்பை அரசுதான் செய்ய வேண்டும். ஒரு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தானாக முடிவெடுக்க முடியாது.

அதனால் தாமதத்துக்கு டெண்டர் நாளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் 162 உற்பத்தி நிலையங்களுக்கு மத்திய அரசு டெண்டர் விட்டது 2020 அக்டோபரில். 2021 ஏப்ரல் 18 அன்று சுகாதார அமைச்சகமே சொன்ன கணக்குப்படி நிறுவி முடித்தவை 33. ஆறு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் இரண்டாம் அலையும் வந்துவிட்டது. இந்த மாதிரி ஆறு மாதத்தைப் பிரித்துப் பார்த்தால், விளம்பரம் கொடுத்து விலைப்புள்ளி வாங்கும் காலம் அதில் சிறு பங்குதான். பெரும்பகுதி டெண்டருக்கு முன்னால் ஸ்பெக், அதாவது கருவி எப்படி இருக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப விவரம், எழுதுவதிலும், கருவி வந்த பிறகு இடம், மின்சாரம், குழாய் தயாராவதிலும் கரைகிறது.

நாமக்கல், உயிர்மருத்துவப் பொறியாளர்: ஸ்பெக்கில் அப்படி என்ன நாள் பிடிக்கிறது?

ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் பார்த்து அப்படியே எழுதினால் மற்ற நிறுவனங்கள் ஆட்சேபிப்பார்கள். டெண்டரில் கலந்துகொள்வோரோடு நடக்கும் முன்னோட்டக் கூட்டத்தில் திருத்தம் வரும், திருத்தினால் கடைசித் தேதி தள்ளிப்போகும். பொத்தாம்பொதுவாக எழுதினாலோ மலிவான, வேலைக்கு ஆகாத கருவி குறைந்த விலைக்காரராக வந்து நிற்கும். அதைத் தள்ளத் தொழில்நுட்பக் காரணம் கையில் இருக்காது. கருவியை ஓட்டிக்காட்டும் செயல்முறைக் காட்சியில் தோற்றால்தான் தள்ள முடியும். அந்தச் சோதனையில் எதையெல்லாம் பார்ப்போம் என்று டெண்டரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத சோதனையில் ஒருவரைத் தோற்கடித்தால் மேல்முறையீடு உறுதி.

வென்டிலேட்டருக்கு நான் கட்டாயம் எழுதச் சொல்வது: குறைந்த, அதிக மூச்சளவு எல்லைகள், பெரியவருக்கா, குழந்தைக்கும் சேர்த்தா, காற்றை உள்ளேயே உறிஞ்சும் டர்பைன் உண்டா, வெளியிலிருந்து அழுத்தக் காற்று வேண்டுமா, மின்தடையில் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், ஆக்சிஜன் சென்சார் எந்த வகை, மாற்று விலை என்ன, ஆக்சிஜன் குழாயின் முனை எந்த வகைச் செருகி. இவற்றோடு 3 ஆண்டு வாரண்டி, அதன்பின் 5 ஆண்டு முழுப் பராமரிப்புக் கட்டணத்தையும் விலைப்புள்ளியிலேயே கேட்டுவிடுங்கள். பராமரிப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அப்போது அவர் சொன்னதுதான் விலை.

கோபி, செவிலியர்: எங்க வார்டுக்கு வென்டிலேட்டர் வந்து பெட்டியோட கிடக்குதுங்க. வந்த பிறகும் ஏன் ஓட மாட்டேங்குது?

அம்மிணி, பெட்டியைப் பிரித்ததும் ஆக்சிஜன் குழாயின் கடைசியில் இருக்கும் செருகியைக் கையில் எடுத்துச் சுவரில் உள்ள துளையோடு வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் முறைச் செருகியும் ஜெர்மன் முறைச் செருகியும் உருவத்திலேயே வேறு. ஒன்று மற்றொன்றில் ஏறாது. சில நூறு ரூபாய்ச் சாமான்தான், ஆனால் அது பொருந்தாமல் பல லட்ச ரூபாய்க் கருவி மூலையில் நிற்கும். அடாப்டர் போட்டுச் சமாளிக்காமல் செருகியையே மாற்றச் சொல்லுங்கள். இணைப்பில் கசிவு இருந்தால் அழுத்தம் குறைந்து அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து குழாயின் அழுத்தம். வென்டிலேட்டருக்குச் சுமார் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வேண்டும். ஒரே குழாயில் பத்து முகமூடி ஓடும்போது கடைசிப் படுக்கையில் எவ்வளவு வருகிறது என்பதை அளந்து பாருங்கள், காலியாக இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. மூன்றாவது, ஆக்சிஜன் சென்சார். மின்வேதி வகை என்றால் பெட்டிக்குள் கிடந்தாலும் தேயும். ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். எட்டு மாதம் பெட்டியில் வைத்துவிட்டுத் திறந்தால் அளவு தப்பாகக் காட்டக்கூடும். கூடவே வடிகட்டி, மூச்சுக்குழாய்த் தொகுதி, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சார் ஆகியவற்றின் உபரி எத்தனை வந்தது என்று கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவல் சான்றில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இத்தனையும் பார்க்க வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்துதான் வாரண்டி ஓடத் தொடங்கும், பணமும் போகும். அதற்குப் பிறகு கூப்பிட்டால் ஆள் வர மாட்டார்.

ஊட்டி, மருத்துவமனை எழுத்தர்: மலைக்குத் தனியா ஏதாவது எழுதணுங்களா?

கண்டிப்பாக. கருவி இயங்கும் உயரத்தை ஸ்பெக்கில் எழுதுங்கள். உதகை 2,240 மீட்டர், காற்று லேசானது. கீழே நிமிடத்துக்கு 500 லிட்டர் தரும் உற்பத்தி நிலையம் மேலே அவ்வளவு தராது. உயரம் சொல்லாமல் வாங்கினால் குறைவுக்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது.

தாராபுரம், ஊராட்சி மன்ற உறுப்பினர்: எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு சிலிண்டரா, உற்பத்தி நிலையமா, திரவ டேங்கா? எது நல்லதுங்க?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 200 லிட்டர். ஒரு நாளைக்கு 2,88,000 லிட்டர். ஆளுயர டி வகைச் சிலிண்டர் நிரம்பினால் சுமார் 7,000 லிட்டர். அதாவது தினம் 42 சிலிண்டர். ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சுற்று கையிருப்பாக நிற்க வேண்டும், இன்னொரு சுற்று நிரப்பப் போன லாரியில் இருக்கும். ஆக 126 சிலிண்டர் சொந்தமாக வேண்டும். இதில் ஒருவருக்கு மூக்கு வழி அதிவேக ஆக்சிஜன் நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் அவர் ஒருவருக்கே நாளுக்கு 12 சிலிண்டருக்கு மேல் போகும்.

நிமிடத்துக்கு 500 லிட்டர் தரும் உற்பத்தி நிலையம் நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 100 சிலிண்டர் அளவு தரும், 93 சதவீதத்தை ஒட்டிய தூய்மையில். ஆனால் அதன் காற்று அழுத்தியை (கம்ப்ரசர்) ஓட்டவே பல பத்து கிலோவாட் மின்சாரம் வேண்டும். மின்வாரியத்தில் கூடுதல் பளு கேட்டு விண்ணப்பிக்காமல் நிலையத்தை இறக்கினால், கருவி ஒரு பக்கம், கேபிள் ஒரு பக்கம் என்று நிற்கும். அதைத் தாங்கும் ஜெனரேட்டர் இல்லையென்றால் மின்தடையில் உற்பத்தி பூஜ்யம். காற்றை உலர்த்தும் கருவியில் கோளாறு வந்தால் ஈரம் போய், நைட்ரஜனைப் பிடித்து ஆக்சிஜனை மட்டும் விடும் சல்லடைத் துகளைக் கெடுத்துவிடும். அதை மாற்றுவது பெரிய செலவு. இன்னொன்று, இதிலிருந்து வரும் ஆக்சிஜன் 4, 5 பார் அழுத்தத்தில்தான் வரும். சிலிண்டரை நிரப்ப 150 பார் அளவுக்கு ஏற்றும் தனி அழுத்தி வேண்டும்.

திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு. 1,000 லிட்டர் டேங்க் 120 சிலிண்டருக்குச் சமம். வாளையார் தாண்டினால் கஞ்சிக்கோட்டில் உற்பத்தி ஆலை இருப்பது கோவைப் பக்கத்துக்குப் பெரிய வசதி. ஆனால் டேங்கர் திரும்ப இடம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம், கான்கிரீட் மேடை வேண்டும். டேங்கர் நின்று இறக்கும் இடத்தில் தார் போடவே கூடாது. திரவ ஆக்சிஜன் தாரில் சிந்தினால் சிறு அதிர்வுக்கே வெடிக்கக்கூடும்.

என் கருத்தில் தாலுகா மருத்துவமனைக்கு உற்பத்தி நிலையமும், அது நின்றால் தானாகத் திரும்பும் சிலிண்டர் வரிசையும் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் திரவ டேங்க் இல்லாமல் ஆகாது.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு உரிமையாளர்: நாங்க நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கித் தந்தா டெண்டர் தாமதம் இருக்காதல்லங்க?

இருக்காது, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் கேட்காமல் வாங்கித் தரும் கருவிதான் முதலில் தூசி பிடிக்கும். கண்காணிப்பாளரிடம் தேவைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். ரசீது மருத்துவமனை பெயரில் இருக்கட்டும், வாரண்டியும் அப்படியே. இருப்புப் பதிவேட்டில் எண் ஏறிய நகலையும் கேட்டு வாங்குங்கள். பதிவில் ஏறாத கருவியை அரசுப் பணத்தில் பழுது பார்க்க முடியாது.

2021இல் எல்லோரும் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் செறிவூட்டியையே கொடுத்தார்கள். லேசான நோயாளிக்கு அது சரி. பை வைத்த முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டுமே, அங்கே உதவாது. சிலிண்டருக்கான ரெகுலேட்டர், ஈரப்பத பாட்டில், மானிட்டருக்கு உபரி விரல் சென்சார், வார்டில் கூடுதல் ஆக்சிஜன் முனை, ஜெனரேட்டர்: இவற்றை யாரும் கொடுக்க நினைப்பதில்லை. இவை இல்லாமல்தான் பெரிய கருவிகள் நிற்கின்றன.

திருப்பூர், பனியன் நிறுவனம் நடத்துபவர்: அடுத்த தடவை பாதுகாப்பு உடை தைச்சுத் தரத் தயாரா இருக்கணும். என்ன செய்யறதுங்க?

சான்றை முதலில் வாங்குங்கள். 2020இல் இந்த உடைகளைச் சோதித்த ஆய்வகங்களில் கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவும் ஒன்று. செயற்கை ரத்தத்தை அழுத்தி ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த உடைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 17423ஐயும் படித்து வையுங்கள். மூன்றாம் வகுப்பு என்றால் 3.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் கசியக் கூடாது. துணி பெரும்பாலும் தேறிவிடும், தையல்தான் தோற்கும். ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு வழி. வெப்பக் காற்றில் நாடா ஒட்டும் எந்திரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நாடா ஒட்டிய பிறகும் நான்கு தையல் கூடும் கவட்டைப் பகுதியிலும் அக்குளிலும் தனியாகச் சோதியுங்கள். துணி, நாடா, வெப்பநிலை இவற்றில் ஏதாவது மாறினால் பழைய சான்றை நம்பி அனுப்பாதீர்கள், மறுபடி சோதியுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வைத்திருங்கள். மத்திய அரசு டெண்டர்களில் சிறு நிறுவனங்களுக்கு, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு.

ஈரோடு, மருத்துவமனை கிடங்கு அலுவலர்: அவசரத்துல வாங்கிட்டு, நாலு வருசம் கழிச்சுத் தணிக்கைல மாட்டிக்குவமோன்னு பயமா இருக்குங்க.

உங்கள் பயம் நியாயமானது. கையெழுத்துப் போட யோசிக்கும் அந்த ஒரு வாரத்தில் நோயாளி போய்விடுகிறார் என்பதும் உண்மை. காகிதம் சரியாக இருந்தால் தைரியமாகக் கையெழுத்திடலாம். கோப்பில் இருக்க வேண்டியவை: அன்றைய நோயாளி எண்ணிக்கையும் கையிருப்பும் காட்டும் தாள், அவசரத்துக்கான அரசாணை நகல், மூன்று இடத்திலாவது விலை கேட்ட மின்னஞ்சல்கள், பதில் வராததையும் சேர்த்து, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து, கருவி வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் அந்தப் பொருள் இல்லை என்ற பதில், விலை ஏன் நியாயம் என்று மூவர் குழு எழுதிய அரைப்பக்கக் குறிப்பு, சரக்கு வந்த தேதி, நேரம், சோதித்தவர் கையெழுத்து. இவை அன்றன்றைக்கே தேதியோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பிற்பாடு உட்கார்ந்து எழுதிய குறிப்பைத் தணிக்கையாளர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

நெருக்கடி இல்லாத காலத்திலேயே விலையை முடிவு செய்து விலை ஒப்பந்தம் போட்டு வைப்பது இதைவிட நல்லது. அப்போது தேவை வந்தால் கொள்முதல் ஆணை மட்டும் போட்டால் போதும்.

மேட்டுப்பாளையம், தகவல் கேட்பவர்: எங்க மருத்துவமனைக் கருவி எங்க நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தகவல் உரிமைச் சட்டத்தில் "ஏன் தாமதம்" என்று கேட்டால் பதில் வராது, தேதிகளைக் கேளுங்கள். தேவை அனுப்பிய தேதி, நிர்வாக ஒப்புதல், டெண்டர் அறிவிப்பு, தொழில்நுட்ப உறை திறந்தது, விலை உறை திறந்தது, கொள்முதல் ஆணை, சரக்கு வந்தது, நிறுவல் சான்று, பணம் தந்தது. ஒன்பது தேதியையும் வரிசையாக எழுதி, இரண்டுக்கு நடுவில் எங்கே அதிக நாள் என்று பாருங்கள். சரக்கு வந்ததற்கும் நிறுவல் சான்றுக்கும் நடுவில் என்றால் பொதுப்பணித் துறையிலும் மின்வாரியத்திலும் போய்க் கேளுங்கள். தேவைக்கும் ஒப்புதலுக்கும் நடுவில் என்றால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.