காட்டுக் காளான்: குடையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அடியைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: மழைக்காலத்தில் அடிக்கடி காட்டுக்குள் நடக்கப் போவேன். வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் காளான்கள். போனில் உள்ள ஒரு செயலியில் படம் எடுத்துக் காட்டினால் ‘உண்ணத்தக்கது’ என்கிறது. பூச்சி அரித்த காளானில் விஷம் இருக்காது, சந்தேகம் இருந்தால் வெள்ளிக் கரண்டியைப் போட்டு வேகவை, கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் நண்பர். பறித்துச் சமைக்கலாமா?

பதில்: இதை மட்டும் நம்பி என்றால், வேண்டாம். நண்பர் சொன்னது இரண்டுமே தவறு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காளான் விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆளைக் கொல்லும் காளானையே நத்தையும் புழுவும் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகும், அவற்றின் உடம்பு வேறு. பூண்டு போட்டுப் பார்ப்பது, தோல் உரிகிறதா என்று பார்ப்பது, பளிச்சென்ற நிறம்தான் விஷம் என்பது எல்லாம் இதே ரகம். விஷக் காளான் கசக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். உலகில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலோரின் சாவுக்குக் காரணமான அமனிட்டா ஃபாலாய்டிஸ் என்ற காளான் நல்ல ருசி என்று, பிழைத்து வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதிலுள்ள அமாடாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் அழியாது. பாதிக் காளான் ஒரு ஆளின் ஈரலை அழித்துவிடப் போதும். ‘கொஞ்சமாகத் தின்று பார்ப்போம்’ என்ற சோதனைக்கு அங்கே இடமே இல்லை.

விஷக் காளான் அத்தனைக்கும் பொதுவான அடையாளம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் ‘எது விஷம்’ என்று தேடுவதை விட்டுவிட்டு, உண்ணத்தக்க ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொண்டு அதன் மொட்டுப் பருவம் முதல் அழுகும் பருவம் வரை கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு குழம்பக்கூடிய விஷ இனங்களையும் சேர்த்துத்தான். அந்தப் பகுதிக் காளான்களை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித் தருவதற்கு ஈடு எதுவுமில்லை.

பறிக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, தண்டைக் கிள்ளி எடுப்பது. முக்கியமான சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, அடிப்பகுதி முழுசாக வரும்படி நெம்பி எடுங்கள். அமனிட்டா இனங்கள் பலவற்றில் தண்டின் அடியைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஒரு சவ்வுப் பை இருக்கும். மேலே கிழிந்த பாவாடை போல ஒரு வளையம், குடைக்கு அடியில் வெள்ளைச் செவுள்கள், அதாவது மெல்லிய மடிப்புகள். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். முட்டை வடிவில் மண்ணை முட்டிக்கொண்டு வரும் மொட்டுகளை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரே சீராக வெள்ளையாக இருந்தால் அது பந்துக் காளானாக இருக்கலாம். குட்டிக் குடையும் தண்டும் கோட்டோவியம் மாதிரி தெரிந்தால் அது அமனிட்டாவின் மொட்டாக இருக்கக்கூடும்.

கறையான் புற்றில் முளைக்கும் காளானிலும் அடிதான் பேசும். குடையின் உச்சியில் கூரான முகடு, தண்டு மண்ணுக்குள் வேர் போல மெலிந்து நீண்டு, கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் கூடு வரை இறங்கும். கிள்ளி எடுத்தவருக்கு அந்த வேரே கண்ணில் படாது.

அடுத்த சோதனை வித்துத்தூள், அதாவது செவுளிலிருந்து உதிரும் விதை போன்ற நுண்தூள். தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பாக உள்ள தாளில் குடையைச் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் நிறத்தைப் பாருங்கள். புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்புச் சாயல் வரும். புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாய் விரியும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக் காளானின் தூள் பச்சையாகப் படியும். அந்தக் காளானைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பின்னியெடுக்கும். இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான், படத்தில் எப்படித் தெரியும்? உங்கள் செயலியால் மண்ணைத் தோண்டவும் முடியாது, முகர்ந்து பார்க்கவும் முடியாது. பெயரை ஊகிக்க வைத்துக்கொள்ளுங்கள், சமைக்க அல்ல.

ஓர் இடத்தில் கற்ற பாடம் இன்னோர் இடத்தில் ஆளையே கொல்லும். வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு, மொட்டில் அது அமனிட்டா ஃபாலாய்டிஸ் போலவே இருக்கும். ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள், ஊரில் தின்று பழகிய அதே காளான்தான் என்று பறித்து இறந்திருக்கிறார்கள். வித்துத்தூள் காட்டிக்கொடுத்திருக்கும்: வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமனிட்டாவுக்கு வெள்ளை.

‘நாங்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம்’ என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ் என்ற காளானைப் பல ஆண்டு தின்று ஒன்றும் ஆகாதவருக்கு, ஒருநாள் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிவப்பணுக்களைச் சிதைக்கத் தொடங்கலாம். ஜெர்மானியக் காளான் அறிஞர் யூலியஸ் ஷேஃபர் 1944இல் அதைத் தின்றுதான் இறந்தார். அறிஞருக்கே அந்தக் கதி.

நிச்சயமாக அடையாளம் தெரிந்த காளானையும் பச்சையாகத் தின்னாதீர்கள். விலை உயர்ந்த மோரல் என்ற காளான் கூட வேகாவிட்டால் விஷம்தான். 2023இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் மோரல் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். சாலையோரம், ஆலைப் பக்கம் முளைத்ததை விட்டுவிடுங்கள். காளான் மண்ணிலுள்ள காட்மியத்தையும் பாதரசத்தையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். பாலிதீன் பைக்குள் போட்டால் புழுங்கி அழுகும், கூடையே நல்லது. சமைக்கும் முன் ஒரு காளானை முழுசாகக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள்.

அது எதற்கென்றால், தப்பு நடந்தால் மருத்துவருக்குக் காட்ட. அமாடாக்சின் உள்ளே போனால் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, பேதி. அது ஓரிரு நாளில் அடங்கி, சரியாகிவிட்டது என்று தோன்றும். ஈரல் அழிந்துகொண்டிருப்பது அப்போதுதான். வீட்டிலேயே படுத்துக்கொள்பவர்கள் ஏமாறும் இடமும் அதுவே. காளான் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து வயிறு கலங்கினால், தானாக அடங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடுத்து வைத்த காளானோடு, அதே சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னும் ஒன்றும் ஆகாதவர்களையும் சேர்த்து.