அப்பாவின் பாதிச் சோறு

கேள்வி: எங்களிடம் மூன்று வயது நாய் இருக்கிறது. பெயர் பிரவுணி. ஸ்பிட்ஸ் கலப்பு, எடை 10 கிலோ 200 கிராம். ஆறேழு மாதமாக அவனுக்கு வயிறு சரியில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இளக்கமாகப் போகிறான், சில நாட்களில் சத்தியும் எடுக்கிறான். சனி, ஞாயிறு நாங்கள் வீட்டில் நின்று கவனமாகப் பார்ப்பதால் பரவாயில்லை. திங்கள், செவ்வாயில் பழையபடி தொடங்கிவிடும். மிருக வைத்தியர் மலம் சோதித்தார், பூச்சிக்கும் மருந்து கொடுத்தார். ‘வயிறு கொஞ்சம் மெல்லிசு, சாப்பாட்டில் கவனம்’ என்றார். அவர் சொன்ன உலர் உணவைத்தான் கொடுக்கிறோம். இடையில் கொடுக்கத் தானியம் சேர்க்காத பிஸ்கட், உலர்த்திய கோழி, சீஸ் குச்சி என்று மூன்று வகை வெளிநாட்டுப் பக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டோம், பலன் இல்லை.

அப்பாவும் ஒரு பிரச்சினை. அம்மா தவறிய பிறகு அவரைச் சாவகச்சேரியிலிருந்து கூட்டிவந்து எங்களோடு வைத்திருக்கிறோம். விடியச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். நாய்க்காகப் பூட்டிய கமராவில் பார்த்தால், மத்தியானச் சோற்றில் பாதியை அவனுக்கு வைத்துவிடுகிறார். நாலு மணிக்குத் தேத்தண்ணீரில் தோய்த்த மாரி பிஸ்கட்டும் கொடுக்கிறார். போனில் எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறார் இல்லை. மெல்லிய வயிற்றுக்கு ஒத்துவரும் தின்பண்டங்களைச் சொன்னால், அதையே வாங்கி வைத்து அப்பாவையும் கட்டுப்படுத்தலாம்.

– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாயின் எடை கிராம் கணக்கில் இருக்கிறது. அப்பாவின் வயதுகூட இல்லை.

நாய், பூனை பற்றி எனக்கு வரும் கடிதங்களில் இது புதிதல்ல. கேள்வி நாயைப் பற்றி இருக்கும், விஷயம் வீட்டிலுள்ள வேறொருவரைப் பற்றி இருக்கும். ‘மத்தியானச் சோற்றில் பாதியை அவனுக்கு வைத்துவிடுகிறார்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பிஸ்கட்டுக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

உங்கள் அப்பாவின் வயதுக்காரர்கள் சாப்பிட உட்கார முன் காகத்துக்கு ஒரு பிடி வைத்துப் பழகியவர்கள். அந்தக் கை நாய்க்கும் ஒரு பிடி வைக்கும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் ஒரு பிடி வைப்பதுதான் வழக்கம். பாதி வைப்பது யாருடைய வழக்கம்? வயதான மனிதர் ஒருவர் தன் சாப்பாட்டில் பாதியை நாள்தோறும் கொடுத்துவிடுகிறார் என்றால் அவரால் அதைச் சாப்பிட முடியவில்லை, அல்லது சாப்பிட மனம் இல்லை. நீங்கள் அதைக் கமராவில் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுப் போன் எடுத்து, ‘நாய்க்கு வைக்காதீங்கோ’ என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘ஏனப்பா சாப்பிடவில்லை’ என்று ஒரு தரமாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

இனி அந்தச் சனி, ஞாயிறு கதைக்கு வருகிறேன். உங்கள் கவனத்தால்தான் பிரவுணி அந்த நாட்களில் நன்றாக இருக்கிறான் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் மத்தியானம் சமைத்திருப்பீர்கள், எல்லோரும் மேசையில் இருந்து சுடச்சுடச் சாப்பிட்டிருப்பீர்கள். அப்பாவும் தன் கோப்பையை முடித்திருப்பார். நாய்க்குப் போக மிச்சம் இருந்திருக்காது. திங்கட்கிழமை மூடிவைத்த கோப்பை திரும்பி வருகிறது, அதோடு வயிற்றோட்டமும் வருகிறது. மூன்று வகைப் பக்கெட் மாற்றிப் பார்த்த நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கோப்பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் விடியச் சமைத்து மூடிவைத்துவிட்டு வேலைக்கு ஓடியவள்தான். சோறு, தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு, பருப்பு, ஒரு சம்பல். ஐந்தரை மணிக்கு இறக்கிய தேங்காய்ப்பால் கறி கொழும்பு வெக்கையில் ஒரு மணி வரை மேசையில் கிடந்தால் என்ன ஆகும்? சில நாள் புளித்தே போகும். சோறும் அப்படித்தான். ஆறிய சோற்றை அறை வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்தால் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. மனிதருக்கே சத்தியும் வயிற்றோட்டமும் வரும். அப்பா வாயில் வைத்துப் பார்த்து, சரியில்லை என்று கண்டு, மகள் விடிய எழும்பிச் சமைத்ததைக் குப்பையில் போட மனம் வராமல் நாய்க்கு வைக்கிறாரோ என்னவோ. உங்களிடம் குறை சொல்லவும் அவருக்கு வாய் வந்திருக்காது. மகள் வீட்டில் இருக்கும் தகப்பன்மார் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார்கள், தங்கச்சி. சொந்த வீட்டில் சொல்வார்கள்.

கறி கெடவில்லை என்றாலும் அது நாய்க்கு ஆகாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு மெல்லிய வயிற்றைக் கலக்கும். கொழுப்பு அதிகமான சாப்பாடு சில நாய்களுக்குக் கணைய அழற்சியையே கொண்டுவரும், அது உயிருக்கு ஆபத்து. சம்பலில் மிளகாயும் உப்பும். மீன் முள் தனி. இவற்றைவிட மோசமானவை வெங்காயமும் உள்ளியும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரே நாளில் நிறையத் தின்ன வேண்டும் என்றில்லை, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும். பல் முரசு வெளிறி, மூத்திரம் கடும் நிறமாகி, நாய் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போன தடவை வைத்தியரிடம் போனபோது இந்த மத்தியானச் சோற்றைப் பற்றிச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். உலர் உணவின் பெயரை மட்டும் சொல்லியிருப்பீர்கள். ஏழு மாதம் அவர் பாதித் தகவலோடு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

இதில் உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். மத்தியானத்தில் காகங்களுக்கு வாரி வாரி வைப்பார். பால்கனிக் கம்பியில் பத்துப் பதினைந்து காகம் நிற்கும். அம்மாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருநாள் சேலை உடுத்திவிடும்போதுதான் பார்த்தேன், கொசுவத்தில் அவ்வளவு துணி மிஞ்சுகிறது. கட்டுப்பல் தளர்ந்து முரசு புண்ணாகி, குத்தரிசிச் சோற்றைச் சப்ப முடியாமல் இருந்திருக்கிறார். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வாய் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே முதலில் ஒரு வேலை நாளில் லீவு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூடிவைத்த அதே கோப்பையை ஒரு மணிக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் தின்று பாருங்கள். பல் செட் எப்படி இருக்கிறது, விழுங்கக் கஷ்டமா, மலச்சிக்கலா, என்னென்ன குளிசை போடுகிறார் என்று கேளுங்கள். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் சிலருக்குப் பசியைக் குறைத்து வாய்ருசியையும் மாற்றிவிடும். வேறு சில நீரிழிவுக் குளிசைகளைப் போட்டுவிட்டு அரை வயிறு சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி, வியர்த்து, நடுங்கி, விழுந்துவிடவும் கூடும். வீட்டில் தனியாக இருக்கும் மனிதர், யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தானாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். 60 கிலோ மனிதருக்கு அது வெறும் மூன்று கிலோ.

நோய் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அம்மாவோடு காலமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டவர் இப்போது சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். எதிரே இருந்து அவர் வாயைப் பார்க்கும் ஒரே உயிர் பிரவுணிதான். அந்த உயிருக்குக் கொடுப்பதையும் ஒரு கருவி மேலிருந்து பார்க்கிறது, உடனே போன் அடிக்கிறது. பெற்றவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவது கடமையின் ஒரு பாதி, அவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பது மறுபாதி. வேலைக்குப் போகிற பெண் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் கணவரைக் கேளுங்கள். கடிதத்தில் ‘நாங்கள்’ வருகிறது, சமைத்து வைக்கும் இடத்தில் மட்டும் ‘நான்’ ஆகிவிடுகிறது. அதுவும் என் கண்ணில் பட்டது.

சோற்றையும் கறியையும் காலையில் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மைக்ரோவேவில் எந்தப் பொத்தானை அமத்துவது என்று அப்பாவுக்குக் காட்டிக்கொடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்தில் வீட்டுச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்களிடம் மத்தியானத்துக்கு ஒழுங்கு செய்யுங்கள். வெள்ளவத்தையில் அதற்கா பஞ்சம்?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த மூன்று பக்கெட்டையும் நிறுத்துங்கள். வயிறு மெல்லிய நாய்க்கு வகை கூடக்கூடக் கரைச்சல்தான், எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ‘தானியம் இல்லை’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நன்றாக அவித்த சோறு பெரும்பாலான நாய்களுக்குச் சுகமாகச் செரிக்கும். தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு நிறையச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. முடிவாக ஒன்றும் நிறுவப்படவில்லை, ஆனால் 2022இல் டொலர் ஏறியதிலிருந்து இந்தப் பக்கெட்டுகள் விற்கும் விலைக்கு அந்த எழுத்தை நம்பி வாங்க நான் சொல்லமாட்டேன். சீஸ் குச்சி பால் பொருள். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் நாய்களுக்கு அதிகம் ஒவ்வாமை தருபவை. கோழியும் அதில் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 60 கலோரி. இரண்டு மாரி பிஸ்கட்டில் அது கிட்டத்தட்ட முடிந்துவிடும். சோறு பாதிக் கோப்பை என்றால் கணக்கே வேண்டாம்.

முதல் மூன்று, நான்கு வாரத்துக்குத் தின்பண்டம் என்று தனியாக ஒன்றுமே வேண்டாம். வைத்தியர் சொன்ன உலர் உணவில் இருந்தே காலையில் ஒரு பிடி எடுத்து, மூடியுள்ள சின்னப் பேணி ஒன்றில் போட்டு அப்பாவிடம் கொடுங்கள். ‘கொடுக்காதீங்கோ’ என்று சொல்லிக் கேட்காதவர், ‘இது உங்கள் பொறுப்பு அப்பா, மத்தியானம் பாதி, தேத்தண்ணி நேரம் பாதி’ என்றால் கேட்பார். நாய்க்கு என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எந்தக் கை கொடுக்கிறது என்பதுதான் பெரிது. தேத்தண்ணீரில் தோய்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அதில் பால், சீனி, கஃபீன் மூன்றும் இருக்கின்றன.

வயிறு அடங்கியதும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப்பொருள், அதை ஒரு வாரம் பாருங்கள். அவித்த பூசணிக்காய்தான் என் முதல் தெரிவு. தோல், விதை நீக்கி, உப்பில்லாமல் அவித்து, ஒரு மேசைக்கரண்டி. நார்ச்சத்து மலத்தைக் கட்டும். பிறகு கரட், போஞ்சி, வற்றாளங்கிழங்கு, எல்லாம் அவித்துச் சின்னத் துண்டாக. கொழுப்பில்லாத கோழி நெஞ்சுச் சதையை வெறும் தண்ணீரில் அவித்துக் கொடுக்கலாம், கோழி ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு. விதை எடுத்த பப்பாசி ஒரு துண்டு. கருவாடும் நெத்தலியும் உப்பு, வேண்டாம். அவித்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) போட்ட கேக், சொக்லட், சைலிட்டோல் இனிப்பு சேர்த்த சுவிங்கம் எதுவும் அவனுக்கு எட்டக் கூடாது. இவை உண்மையிலேயே நஞ்சு. கிறிஸ்மஸ் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கையும் மேலே எடுத்து வையுங்கள்.

மத்தியானச் சோறு நின்று ஒரு மாதம் ஆகியும் வயிறு அப்படியே இருந்தால், அல்லது இடையில் இரத்தம் போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், தண்ணீரும் குடிக்காமல் படுத்தால், வைத்தியரிடம் போய் இந்த முறை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் போதனா மருத்துவமனை இருக்கிறது, தேவை என்றால் அவரே அனுப்புவார்.

இன்னொன்று. பிரவுணியின் எடையை இவ்வளவு சரியாக எப்படி எடுத்தீர்கள்? அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி உங்கள் எடையைக் கழித்திருப்பீர்கள். அப்படியென்றால் தராசு வீட்டிலேயே இருக்கிறது. இன்றிரவு அப்பாவை அதில் ஏற்றுங்கள்.