காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் ஏன் வலிக்கிறது?

குதிகால் வலியில் பெரும்பாலானது எலும்பில் தோன்றுவதன்று. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவதால் வருவது. மருத்துவர்கள் இதைப் ‘பிளான்டார் ஃபேசியைட்டிஸ்’ என்பார்கள்.

வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. நிற்கும்போதெல்லாம் உடல் எடை வளைவை அழுத்த, நாண் இழுபடுகிறது. மணிக்கணக்கில் கடினமான தரையில் நிற்பவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் அந்த இழுவிசை ஓய்வதே இல்லை. உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை சுருங்கி இறுகிவிடுகிறது. கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் அது திடீரென இழுக்கப்படுவதால்தான் முள் குத்தினாற்போல் சுரீரென்று வலித்து, சிறிது தூரம் நடந்ததும் தணிகிறது.

ஆகவே, எழுவதற்கு முன்பே காலை மடித்து வைத்து, விரல்களைக் கையால் பற்றி மேல்நோக்கி 10 விநாடி இழுத்துப் பிடியுங்கள். 10 முறை செய்யுங்கள். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் மிக அவசியம், ஏனெனில் அந்தச் சதை இறுகினால் பட்டையின் சுமை கூடும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணியுங்கள். குணமாகச் சில மாதங்கள் பிடிக்கலாம். பாதியில் பயிற்சியை விட்டுவிடுவதே பலர் செய்யும் தவறு. வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல், ஓய்விலும் நீங்காத வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்றதும் அதை வெட்டி எடுத்தால்தான் வலி தீரும் என்று பலர் அஞ்சுகிறார்கள்; ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது, பெரும்பாலோருக்கு அதைத் தொடாமலேயே வலி நீங்கிவிடுகிறது.