ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கல்லூரி பிடித்து வைக்கலாமா?

கேள்வி: அக்கா, பவானிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஜமக்காளம் நெய்கிறார். நான் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் முதலாண்டு முடித்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி அது. படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. பி.காம். சேர நினைக்கிறேன். முதலாண்டுக் கட்டணத்தைப் பாக்கியில்லாமல் கட்டிவிட்டோம். ஆனால், மீதி மூன்று வருடப் பணத்தையும் கட்டினால்தான் பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளைத் தருவார்களாம். அப்பா போய்க் கும்பிட்டுக் கேட்டும் பலனில்லை. "படிச்சவங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று வட்டிக்குப் பணம் விசாரிக்கிறார். கணக்குப் பாடத்தில் அரியர் வேறு. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பேப்பரைப் பார்க்க வழியே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அப்பாவைத் தடுத்து நிறுத்து. இதற்காக ஒரு ரூபாய்கூட வட்டிக்கு வாங்க வேண்டாம். படித்தவர்கள் சொன்னாலும் இது செரியில்லை.

உன் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. இடையில் படிப்பை விட்டுப் போகிற மாணவரிடம் அடுத்தடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது, சான்றிதழ்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அதன் விதிகளே சொல்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பும் அதையொட்டியதுதான். சேர்க்கையின்போது ஒரிஜினலை மாணவர் கண்முன்னே சரிபார்த்து உடனே கையில் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ள வேண்டியது மாணவர் கையொப்பமிட்ட நகலை மட்டும்தான். அப்படிப் பார்த்தால், உன் மார்க் ஷீட் இத்தனை நாள் அவர்கள் பீரோவில் இருந்ததே தவறு. உண்மையிலேயே பாக்கி இருந்தாலும் அதை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழிகள் உண்டு. பிள்ளையின் சான்றிதழை நகை போல அடகு பிடிக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது.

சேரும்போது, 'இடையில் நின்றால் முழுப் பணமும் கட்டுவேன்' என்று உன்னிடமும் அப்பாவிடமும் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதைக் காட்டி மிரட்டினால் பயப்படாதே. விதிக்கு எதிராக எழுதி வாங்கிய தாள் விதியை மாற்றிவிடாது. ஆனால் ஒன்று, படித்து முடித்த முதலாண்டின் கட்டணம் திரும்ப வராது. காஷன் டெபாசிட், அதாவது திருப்பித் தர வேண்டிய முன்பணம், கட்டியிருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்கு.

அப்பா கும்பிட்டுக் கேட்டார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. நம் ஊர்ப் பக்கம் ஆபீஸ் என்றாலே கை தானாகக் குவிந்துவிடுகிறது. வாயால் கேட்டதற்கு எந்தப் பதிவும் இல்லை. நாளைக்கு 'யாரும் வந்து கேட்கவேயில்லை' என்று அவர்கள் சொல்லிவிடலாம். அதனால் இனி எழுத்தில் கேள். ஒரு பக்கம் போதும். பெயர், ரோல் நம்பர், எந்தெந்தச் சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீதின் நகல், படிப்பிலிருந்து விலகும் தேதி, இவற்றோடு டி.சி.யும் வேண்டும் என்று முதல்வர் பெயருக்கு எழுது. கொடுத்த கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்து. பணம் கட்டச் சொல்வதையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பார். தவறென்று தெரிந்தவர்கள் அதைத் தாளில் தரத் தயங்குவார்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால், யுஜிசியின் 2023 விதிமுறைகள்படி உன் கல்லூரியில் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்க் குழுவுக்குப் புகார் கொடு. சேர்க்கைக்காகக் கொடுத்த சான்றிதழைத் திருப்பித் தர மறுப்பதை அந்த விதிமுறைகளே ஒரு குறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓம்புட்ஸ்பர்சன் என்று அவரைச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர், மாவட்ட நீதிபதி போன்றவர்களைத்தான் அந்தப் பொறுப்பில் அமர்த்துகிறார்கள். இணைப்புக் கல்லூரி மாணவர்களின் குறையையும் அவர் கேட்க வேண்டும்.

விடைத்தாள் விஷயம் சீக்கிரம் பார்க்க வேண்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் விடைத்தாள் நகல், பிறகு மறுமதிப்பீடு என்று முறையே இருக்கிறது. ரிசல்ட் வந்தபின் அதற்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு. உன் கல்லூரித் தேர்வுப் பிரிவில் தேதியைக் கேள். தேதி தாண்டியிருந்தாலும் வழி இருக்கிறது. மாணவர் தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடு. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள், அதனால் இந்த வாரமே எழுது. ஒருவேளை அந்த அரியரால்தான் இன்ஜினியரிங் வேண்டாமென்று முடிவெடுத்தாயா? அப்படியானால் விடைத்தாளைப் பார்த்தபிறகு விலகல் கடிதம் கொடு. பி.காம்.தான் விருப்பம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

புதுக் கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிடுமோ என்ற கவலை இருக்கும். பிளஸ் டூ மார்க் ஷீட்டை அரசின் டிஜிலாக்கர் செயலியில் இறக்கிக்கொள். அதையும் நீ கொடுத்த கடிதத்தின் நகலையும் காட்டி, ஒரிஜினலுக்கும் டி.சி.க்கும் அவகாசம் கேள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் பயப்படுகிற அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை என்பதை ஒரு வக்கீல் வாயால் அவர் நேரில் கேட்கட்டும்.