அந்தக் கூனைப் போட்டது யார்?

கேள்வி: கூன் விழுந்து, கையில் தடியோடு, பேசவும் தெரியாமல் திரிந்த நியாண்டர்தால் மனிதர்கள், நம்மைப் போல மூளையுள்ளவர்கள் வந்ததும் அழிந்துபோனது இயற்கைதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: அழிவு பிறகு. முதலில் அந்தக் கூன். ஒரு பேராசிரியரும் ஒரு பத்திரிகையும் சேர்ந்து போட்ட கூன் அது. பத்திரிகைக்காரனான எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

1908 ஆகஸ்டில், பிரான்ஸில் லா ஷாபெல்-ஓ-சாங் என்ற ஊரின் குகையில், அகழாய்வில் ஆர்வமுள்ள பாதிரியார்கள் தோண்டியபோது ஏறக்குறைய முழு நியாண்டர்தால் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. வயதான ஆண். கடைவாய்ப் பற்களில் பெரும்பாலானவை விழுந்துவிட்டன. கழுத்திலும் இடுப்பிலும் மூட்டுவாதம். எலும்புகள் பாரிஸில் மார்செலின் பூல் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன. 1911 முதல் 1913 வரை அவர் வெளியிட்ட பெரிய ஆய்வுநூல் சொன்னது இது: முழங்கால் நிமிராது, தலை முன்னால் தொங்கும், கால் பெருவிரல் குரங்குக்குப் போல விலகி நிற்கும். மண்டைக்குள் 1,600 கன சென்டிமீட்டருக்கு இடம் இருந்ததை அவரே அளந்தார். நம்முடைய சராசரி சுமார் 1,350. அளவு பெரிதுதான், தரம் மட்டம் என்று எழுதிவிட்டார்!

நோயாளியின் எலும்பைப் பார்த்து பூல் ஏமாந்துவிட்டார் என்று பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. முதியோர் இல்லத்து எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாருக்குமே முழங்கால் மடங்காது என்று எழுதியதைப் போல என்பார்கள். இந்தச் சமாதானம் எனக்குப் போதாது. மூட்டுவாதம் இருந்ததை பூலே குறித்திருக்கிறார். அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்த எரிக் டிரிங்காஸ், கூனலுக்கு அந்த நோயைப் பொறுப்பாக்க முடியாது என்று 1985இல் காட்டினார். பூல் பார்க்க விரும்பியதைப் பார்த்தார்.

பத்திரிகைக்கு வருவோம். பூலின் நூல் வருவதற்கு முன்பே, 1909 பிப்ரவரியில், 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் ஃபிரான்டிசேக் குப்கா வரைந்த படம் வந்தது: உடம்பெல்லாம் மயிர், கூனல், கையில் தடி. உங்கள் கேள்வியில் இருப்பவர் இவர்தான். 1911இல் அதே இதழ், அதே எலும்புக்கூட்டுக்கு இன்னொரு படம் போட்டது. ஆர்தர் கீத் என்ற உடற்கூறு அறிஞரின் யோசனைப்படி அமெடே ஃபோரெஸ்டியே வரைந்தது. அதில் ஒரு மனிதர் அடுப்பங்கரையில் அமர்ந்து கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். எலும்பு ஒன்று, இதழ் ஒன்று, இடையில் இரண்டே வருடம். ஊர் நினைவில் நின்றது குப்காவின் மிருகம். செதுக்கிக்கொண்டிருந்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

குரங்கில் தொடங்கி ஒவ்வொருவராக நிமிர்ந்து நடந்து வரும் அந்த வரிசைப் படத்தை நான் திட்டி எழுதும்போதெல்லாம், பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிகிறதே என்று ஆசிரியர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். தவறு எளிதாகப் புரிந்து என்ன பயன்? அந்த வரிசையில் நமக்கு முந்தின ஆளாக நியாண்டர்தாலை நிறுத்துகிறார்கள். அவர் நமக்கு மூதாதை வரிசையில் முந்தினவர் அல்லர், பங்காளி. நம் ஆட்கள் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்திலேயே அவர்கள் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்தார்கள்.

1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இரு ஆய்வாளர்கள் லா ஷாபெல் முதியவரை மறுபடி பரிசோதித்துவிட்டு, குளிப்பாட்டிச் சவரம் செய்து, நல்ல உடை உடுத்தி நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றினால் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று எழுதினார்கள். நான் அவருக்கு உட்கார இடமும் கேட்டிருப்பேன். அந்த இடுப்போடு கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஸ்டேஷன் நிற்பார்? ஆனால் அந்த உடம்போடுதான் அவர் முதுமைவரை வாழ்ந்தார். ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த இன்னொருவரின் வலது கை சூம்பியிருந்தது, இடது கண் அருகே பழைய அடி, காது அடைத்திருந்தது. அவரும் நாற்பது வயது வாக்கில்தான் இறந்தார், அந்தக் காலத்துக்கு அதுவே முதுமை. தனியாக விடப்பட்டவர் அத்தனை வருடம் தாங்கியிருக்க முடியாது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பேச்சைப் பற்றி: இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983இல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டில், நாக்கைத் தாங்கிப் பேச்சுக்கு உதவும் நாவடி எலும்பு அப்படியே இருந்தது. அதன் வடிவம் நம்முடையதைப் போன்றது. பேசினார்கள் என்பதற்கு அது ஒன்றே சாட்சியாகாது. பேசத் தெரியாதவர்கள் என்று சொல்ல உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது?

இனி அழிவு. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மறைந்தார்கள். நம்மவர்கள் வந்த மறுநாளே அல்ல, பல ஆயிரம் ஆண்டுகள் இரு கூட்டமும் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. அவர்கள் சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் கிடந்தவர்கள், எண்ணிக்கையும் குறைவு. தட்பவெப்பம் தாறுமாறாக மாறிய காலம் அது. மூளைப் போட்டியில் தோற்றார்கள் என்று காட்டும் எலும்பு எதுவும் இல்லை.

தவிர, முழுதாக அழிந்தார்கள் என்பதும் சரியில்லை. மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு 2010இல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, இரு கூட்டமும் கலந்து பிள்ளை பெற்றதால், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லாரிடமும் அவர்களின் பங்கு கொஞ்சம் இருப்பது தெரிந்தது. 2022இல் பாபோவுக்கு நோபல் பரிசு. 2020இல் அவரும் ஹூகோ செபெர்கும் கண்டது நமக்கு நேரடிச் செய்தி: கொரோனா கடுமையாகும் ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணுத் துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது, அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. தெற்காசியர்களில் பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள். உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். அவர்களைத் திட்ட இன்னொரு காரணம் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருடமே அதே இருவர், பன்னிரண்டாம் குரோமோசோமில் அந்த ஆபத்தைக் குறைக்கும் துண்டு ஒன்றைக் கண்டார்கள். அதுவும் நியாண்டர்தால் கொடுத்ததுதான்.