கிட் கேள்வி பதில்: கமிட் ஆனதும் ஆகாததும்

(கிட் என்பது ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள். அப்படி ஒரு பதிவுதான் கமிட். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. ‘ஹெட்’ மட்டும் பெரிய எழுத்து.)

கேள்வி: ‘கிட் ஆட்’ கொடுத்துவிட்டுத்தான் கமிட் செய்தேன். ஆனாலும் கடைசியாகத் திருத்திய இரண்டு வரிகள் கமிட்டில் இல்லையே, ஏன்?

பதில்: ஆட் கொடுத்த பிறகு அந்த ஃபைலை மறுபடி திருத்தியிருப்பீர்கள். ஆட் என்பது ஃபைலின் பெயரைக் குறித்து வைப்பதல்ல. அந்த நொடியில் ஃபைலில் என்ன இருந்ததோ, அதை அப்படியே நகலெடுத்து, அடுத்த கமிட்டுக்கானவை காத்திருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் வைக்கிறது. கமிட்டுக்குப் போவது அந்த நகல்தான். கமிட்டுக்கு முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்திருந்தால் ஒரே ஃபைல் பச்சையில் ஒரு முறையும் சிவப்பில் ஒரு முறையும் தெரிந்திருக்கும். பச்சையில் இருப்பது நகலானது; சிவப்பில் இருப்பது அதற்குப் பின் திருத்தியது. ‘கிட் டிஃப்’ சிவப்பை மட்டுமே காட்டும். கமிட்டில் என்ன போகப்போகிறது என்று பார்க்க ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்டு’.

விடுபட்டதைச் சேர்க்க, ஃபைலை மறுபடி ஆட் செய்து ‘கிட் கமிட் --அமெண்ட் --நோ-எடிட்’ கொடுங்கள். ஏற்கெனவே புஷ் செய்திருந்தால், அதாவது சர்வருக்கு அனுப்பியிருந்தால், அமெண்ட் வேண்டாம். தனி கமிட்டாகப் போடுங்கள். அமெண்ட் பழைய கமிட்டைத் திருத்துவதில்லை, வேறு ஹாஷோடு (கமிட்டின் அடையாளக் குறியீடு) புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. பழையதை எடுத்துக்கொண்டவர்களின் வரலாறு அதோடு ஒத்துப்போகாது.

கேள்வி: தவறாகக் கமிட் செய்துவிட்டேன். ‘ரீசெட் --ஹார்ட்’ கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். புஷ் செய்யவில்லை என்றால் ‘கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1’ போதும். கமிட் மட்டும் விலகும். எழுதியதெல்லாம் ஸ்டேஜிங்கில் பத்திரமாக இருக்கும். புஷ் ஆகிவிட்டதா? ‘கிட் ரிவர்ட்’ என்று தட்டி அந்த ஹாஷைக் கொடுங்கள். அதற்கு நேர்மாறான மாற்றம் புது கமிட்டாக வரும்.

‘--ஹார்ட்’ கமிட் ஆகாத திருத்தங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். கமிட் ஆனது தொலைந்தால் ‘கிட் ரீஃப்ளாக்’ பட்டியலில் ஹாஷைத் தேடி மீட்டுவிடலாம். ஆட்கூடக் கொடுக்காத வரிகள் போனால் கிட்டிடம் அதன் நகலே கிடையாது. எனவே ஹார்ட் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ‘கிட் ஸ்டாஷ் -யூ’ கொடுத்துத் திருத்தங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த ‘-யூ’ இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கிய ஃபைல்கள் ஸ்டாஷில் சேராது.

கேள்வி: கடவுச்சொல் உள்ள ஃபைலை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல்) சேர்த்தும் அதன் மாற்றங்கள் ஸ்டேட்டஸில் வருகின்றன.

பதில்: ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை கிட்இக்னோர் தொடாது. ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ என்று ஃபைல் பெயரோடு கொடுத்துக் கமிட் செய்யுங்கள். உங்கள் டிஸ்கில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் பழைய கமிட்டுகளில் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும்! புஷ் ஆகியிருந்தால் வேறெதற்கும் முன் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: புஷ் கொடுத்தால் ‘ரிஜெக்டட்’ என்கிறது.

பதில்: உங்களுக்கு முன் வேறொருவர் புஷ் செய்திருக்கிறார். ‘--ஃபோர்ஸ்’ கொடுத்தால் அவர் வேலை சர்வரின் கிளையிலிருந்து போய்விடும். ‘கிட் புல் --நோ-ரீபேஸ்’ கொடுங்கள்; அவருடைய மாற்றங்கள் வந்து உங்களுடையவற்றோடு இணையும். இருவரும் ஒரே இடத்தைத் திருத்தியதால் முரண் வந்தால், ஃபைலில் ஏழு ‘<’ குறிகளுக்குக் கீழே உங்கள் வரிகள், ஏழு ‘=’ குறிகளுக்குக் கீழே அவருடையவை, முடிவில் ஏழு ‘>’ குறிகள். வேண்டியதை வைத்து, மூன்று குறி வரிகளையும் நீக்கி, ஆட், கமிட், புஷ். குழம்பிவிட்டால், கமிட்டுக்கு முன் ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ உங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.