பலகையைத் திருப்பி வைத்தபோது

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெர்ரி பிராட்செட்டின் ‘தட்!’ (Thud!) என்ற கற்பனை உலக நாவலை உங்கள் உரை ஒன்றைக் கேட்டு வாசித்தேன். கூம் பள்ளத்தாக்கில் யார் யாரைப் பதுங்கித் தாக்கினார்கள் என்று குள்ளர்களும், கல்லாலான ராட்சதர்களான ட்ரோல்களும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்வதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் இன வெறுப்பை வேடிக்கையாக்கலாமா? என் மனதில் அப்படி எந்த வெறுப்பும் இல்லை. இருப்பவர்கள் சிரித்துவிட்டு அப்படியே போய்விட மாட்டார்களா? இந்த நாவல் இடம்பெறும் டிஸ்க்வேர்ல்ட் வரிசையை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

வரிசை முக்கியமில்லை. 2005இல் வந்த இது 34ஆவது நாவல், உங்களுக்குத் தடையின்றிப் புரிந்திருக்கிறது. போதும்.

‘எந்த வெறுப்பும் இல்லை’ என்று எப்படி ஐயா எழுதத் துணிந்தீர்கள்? நாவலின் நாயகன், காவல்படைத் தலைவர் வைம்ஸைப் பாருங்கள். நேர்மையான மனிதர். எங்கே இருந்தாலும் மாலை ஆறு மணிக்கு மகனுக்குப் படக்கதை வாசிக்க ஓடிவருகிறவர். படையில் குள்ளர், ட்ரோல், ஓநாயாக மாறும் பெண் என எல்லோரையும் வைத்திருக்கிறார். அவருக்கே ஒரு ரத்தக்காட்டேரியைச் சேர்க்கச் சொன்னதும் உடம்பு கூசுகிறது. அவரை விடப் பெரியவரா நீங்கள்?

கோபிக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மழை நாள் மாலை வரைக்கும்.

நாவலில் குள்ளர்–ட்ரோல் போரை ஆடும் ‘தட்’ என்ற பலகை விளையாட்டு வருகிறதே, அதை 2002இல் டிரெவர் ட்ரூரன் நிஜமாகவே வடிவமைத்திருந்தார். எண்கோணப் பலகை, 165 கட்டங்கள். 32 குள்ளர்கள், 8 ட்ரோல்கள். குள்ளர் சதுரங்க ராணி போல எவ்வளவு தூரமும் ஓடலாம். ட்ரோலுக்குப் பெரும்பாலும் ஓரடிதான், ஆனால் பக்கத்தில் இருக்கும் குள்ளர்களை எடுத்துவிடும். ஒரு பாதி முடிந்ததும் பக்கம் மாறி மறுபடி ஆட வேண்டும். இரண்டையும் கூட்டித்தான் வெற்றி.

நானும் மகளும் அட்டையில் கட்டம் போட்டோம். தையல் பெட்டியிலிருந்து பெரிய பொத்தான் எட்டு, சட்டைப் பொத்தான் முப்பத்திரண்டு. முதலில் எனக்குக் குள்ளர்கள். ஒரே அடியில் மூன்று பொத்தான்களை அவள் எடுத்ததும், “தடித்தடியா இருந்துகிட்டு சின்னதுங்களை நசுக்குதுங்க” என்றேன். அரைமணி நேரம் கழித்துப் பலகையைத் திருப்பினோம். என் கடைசி ட்ரோலை அவளுடைய பொத்தான்கள் நாலாபுறமும் வளைத்தபோது, “கூட்டமா வந்து ஒருத்தனை அடிக்கிறதே இந்தக் குள்ளப் பசங்களுக்குப் பொழப்பு” என்றேன். உண்மையான எரிச்சலோடு. காதெல்லாம் சூடாகியிருந்தது. அவள் பொத்தானைக் கையில் வைத்தபடியே, “அப்பா, அப்போ வேற மாதிரி சொன்னீங்களே” என்றாள்.

அரைமணியில் எனக்கு ஒரு வரலாறும் ஒரு எதிரியும் கிடைத்திருந்தார்கள். பொத்தான்களை வைத்தே!

அதனால்தான் நாவலின் கடைசியில் வரும் குகைக் காட்சியை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. அந்தப் பழைய போரின் இரு தரப்பு மன்னர்களும் சமாதானம் பேசத்தான் கூம் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். வெள்ளம் அடித்துப்போய், வெளியேற வழியின்றி, இதே பலகையின் முன் அமர்ந்தபடி இறந்தார்கள். அந்த உண்மையைச் சொல்லும் பழைய குரல்பதிவு ஒன்று பூமிக்குள்ளிருந்து கிடைக்கிறது. அதைக் கேட்டுவிட்ட பாவத்துக்காகக் குள்ளர் சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள், அவர்களுடைய சொந்த இனத்தவரே. நீங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் பக்கங்களை மறுபடி படியுங்கள்.

பிறகு ஓர் அட்டையை எடுத்து, வீட்டில் இருக்கும் யாருடனாவது இரண்டு பாதியும் ஆடுங்கள். இரண்டாவது பாதியில் உங்கள் வாயில் என்ன வந்ததோ, அதை மாற்றாமல் எனக்கு எழுதுங்கள்.